கஷ்ட காலத்தில் வீட்டுக்கல்வி: எதைப் பிடித்துக்கொள்வது, எதை விடுவது

கேள்வி: மூன்று பிள்ளைகள். மூத்தவனுக்குப் பத்து வயது, அடுத்தவளுக்கு ஏழு, கடைசி கைக்குழந்தை. பிள்ளைகளைக் கிறிஸ்தவ முறையில் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். இப்போது கணவருக்கு வேலை போய்விட்டது. மாமியார் படுத்த படுக்கையாக இருக்கிறார். பாதி நாள் பாடமே நடப்பதில்லை. மூத்தவன் கணக்குப் புத்தகத்தைத் திறந்தாலே அழுகிறான். "பேசாமல் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடு" என்று சபையிலேயே சொல்கிறார்கள். பிள்ளைகளை இப்படித்தான் வளர்ப்போம் என்று ஆண்டவரிடம் பொருத்தனை பண்ணியிருக்கிறோம். எப்படி உறுதியாக நிற்பது?

பதில்:

சகோதரி, முதல் வேலையாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் எந்த முடிவும் எடுக்காதீர்கள். விட்டுவிடுவோம் என்றும் வேண்டாம், உயிரே போனாலும் விடமாட்டோம் என்றும் வேண்டாம். தூக்கமில்லாத அம்மாவும் வேலை போன அப்பாவும் ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து எடுக்கிற முடிவு, பெரும்பாலும் களைப்பு எடுக்கிற முடிவாகத்தான் இருக்கும். காலண்டரில் ஆறு வாரம் தள்ளி ஒரு தேதியைக் குறித்து வையுங்கள். இந்தப் பேச்சை அன்றைக்கு எடுப்போம் என்று கணவரும் நீங்களும் ஒப்புக்கொள்ளுங்கள். யார் கேட்டாலும் "அந்தத் தேதியில் பார்க்கப்போகிறோம்" என்று சொல்லலாம். தினமும் காலையில் எழுந்து "இன்றைக்கு விட்டுவிடலாமா" என்று மனசுக்குள் வழக்கு நடத்துவதே பாதித் தெம்பை உறிஞ்சிவிடும்.

அந்த ஆறு வாரமும் பழைய கால அட்டவணையைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. உறுதியைப் பற்றிப் பேசும்போது பலரும் குழப்பிக்கொள்கிற இடம் இதுதான். நீங்கள் ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்தது பிள்ளைகளை. காலை எட்டரைக்குக் கணக்கு, ஒன்பதேகாலுக்கு இலக்கணம், வெள்ளிக்கிழமை அறிவியல் செய்முறை என்று எழுதி ஒட்டிய தாளை அல்ல. அந்தத் தாள் நல்ல காலத்துக்குப் போட்டது. வீட்டு நிலைமை மாறிவிட்டது, தாளும் மாறத்தான் வேண்டும்.

ஆதியாகமம் 33-ஐ எடுத்துப் பாருங்கள். இருபது வருஷப் பகை தீர்ந்து ஏசா தன் தம்பியைக் கட்டிப்பிடித்து அழுகிறான். "வா, சேர்ந்தே போகலாம்" என்று கூப்பிடுகிறான். அவனோடு நானூறு ஆள். யாக்கோபு மறுக்கிறான். பிள்ளைகள் இளம்பிள்ளைகள், ஆடுமாடுகள் கறவலாய் இருக்கின்றன, ஒருநாளாவது துரிதமாய் ஓட்டினால் மந்தையெல்லாம் மாண்டுபோகும், நீர் முன்னே போம், நான் பிள்ளைகளின் கால்நடைக்குத் தக்கதாக மெதுவாய் வருகிறேன் என்கிறான். யாக்கோபு பல விஷயத்தில் தந்திரக்காரன்தான், இந்தப் பேச்சிலும் கொஞ்சம் தந்திரம் இருக்கிறது, அது வேறு கதை. ஆனால் மந்தையைப் பற்றி அவன் சொன்னது பச்சை உண்மை. கைக்குழந்தையும் படுத்த படுக்கையும் இருக்கிற வீட்டுக்கு நானூறு வீரரின் நடை ஒத்துவராது.

சரி, நடையைக் குறைப்பது என்றால் எதைக் குறைப்பது? இங்கே கொஞ்சம் நுணுக்கமாகப் பார்க்க வேண்டும்.

பாடங்கள் இரண்டு வகை. வாசிப்பு, எழுத்து, கணக்கு இவை படிமேல் படியாக ஏறுகிற திறமைகள். பல வாரம் தொடாமல் விட்டால் ஏறிய படியிலிருந்து இறங்கிவிடும். தினம் கொஞ்சமாவது கை பட வேண்டும். வரலாறு, புவியியல், அறிவியல் இவை பத்து வயதுக்குள் அப்படி இல்லை. ரோமப் பேரரசை இந்த மார்ச்சில் படிக்காமல் அடுத்த ஜூலையில் படித்தால் பிள்ளைக்கு ஒரு நஷ்டமும் கிடையாது. எரிமலை எங்கேயும் ஓடிப்போகாது. ஆகவே நெருக்கடி காலத்தில் முதல் வகையைச் சின்ன அளவில் தினமும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வகையை அட்டவணையிலிருந்தே எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக ஒரு நல்ல புத்தகத்தை எடுத்து இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சத்தமாக வாசியுங்கள். வாசிக்கத் தெம்பில்லாத நாளில் ஒலிப்புத்தகத்தைப் போட்டுவிடுங்கள். நான்கு வாரம் பிள்ளைகள் வழக்கத்தைவிடக் கூடுதலாக வீடியோ பார்த்தார்கள் என்பதற்காக யாருடைய வாழ்க்கையும் கெட்டுப்போனதில்லை, அந்தக் குற்ற உணர்வையும் சேர்த்துத் தூக்காதீர்கள்.

எத்தனை நேரம்? இங்கிலாந்துக் கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923) சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் இருபது நிமிஷத்தைத் தாண்டக்கூடாது என்று வலியுறுத்தினார். முழுக் கவனத்தோடு கொஞ்ச நேரம் படிப்பது, அரைக் கவனத்தோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பதைவிட மேல் என்பது அவர் கணக்கு. அவர் வைத்த இன்னொரு வழக்கம் உங்கள் நிலைமைக்கே செய்ததுபோல் இருக்கும்: ஒரு பகுதியை ஒரே தடவை வாசித்துவிட்டு, கேட்டதைப் பிள்ளையைத் தன் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்ல வைப்பது. அதற்குப் பயிற்சித்தாள் வேண்டாம், திருத்துகிற வேலை இல்லை, குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்கலாம். பத்து வயதுப் பையன் நான்கு வாக்கியம் சொல்லிவிட்டு, அதில் இரண்டை நோட்டில் எழுதினால் அன்றைய மொழிப்பாடம் முடிந்தது.

ஏழு வயதுக்காரிக்கு இப்போது தேவை ஒன்றே ஒன்று, தினம் பத்துப் பதினைந்து நிமிஷம் சத்தமாக வாசிப்பு. அதை நீங்கள்தான் கேட்க வேண்டும் என்றில்லை. பாட்டி பேசுகிற நிலையில் இருந்தால் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு வேதாகமத்தோடு உட்கார வையுங்கள். இருபத்துமூன்றாம் சங்கீதத்தை அவள் எழுத்துக்கூட்டி வாசிப்பாள். "அமர்ந்த தண்ணீர்கள்" வரைக்கும் வந்து "அண்டையில்" என்ற இடத்தில் திக்கி நிற்பாள். பாட்டிக்கு அது மனப்பாடம், புத்தகத்தைப் பார்க்காமலே எடுத்துக்கொடுப்பார். வாசிப்பும் ஆயிற்று, மனப்பாட வசனமும் ஆயிற்று, நாள் முழுக்கக் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறவருக்கு ஒரு வேலையும் ஆயிற்று. தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றிப் பவுல் எழுதும்போது அவன் பாட்டி லோவிசாளைத்தான் முதலில் சொல்கிறார், அப்புறம்தான் அம்மா ஐனிக்கேயாள்.

இப்போது மூத்தவன். பத்து வயதில் கணக்கைப் பார்த்து அழுகிற பிள்ளைகளில் பலருக்கு உபத்திரவம் வருகிற இடம் நீண்ட வகுத்தல். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் ஒரு கணக்கைப் போடச் சொல்லிப் பாருங்கள். 432-ஐ 6-ஆல் வகுக்க வேண்டும். 43-ல் 6 எத்தனை முறை போகும்? ஆறேழு நாற்பத்திரண்டு என்பது நாக்கில் நிற்கவில்லை என்றால், ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு என்று விரல் விட்டு எண்ணுவான். நாற்பத்திரண்டுக்கு வருவதற்குள் எத்தனை விரல் மடக்கினோம் என்பது மறந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. ஒருவழியாக 7 என்று எழுதுவான். மீதி 1, பக்கத்தில் 2-ஐ இறக்கினால் 12 என்கிற இடத்துக்கு வரும்போது எதற்காக இறக்குகிறோம் என்பதே தலையில் இருக்காது. விடை 72 என்று வருவதற்குள் கண்ணில் நீர். இதைச் சோம்பேறித்தனம் என்றோ கீழ்ப்படியாமை என்றோ எடுத்துக்கொண்டு தண்டித்தால் நிலைமை மோசமாகும். வாய்ப்பாடு உறுதியாகவில்லை, அவ்வளவுதான். வாய்ப்பாட்டை ஒரு அட்டையில் எழுதி அவன் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள், பார்த்துப் போடட்டும். இது ஏமாற்றுவது ஆகாது. வகுத்தலின் படிகளை மட்டும் இப்போது கற்கிறான், வாய்ப்பாட்டைத் தனியாகத் தினம் ஐந்து நிமிஷம் பழகட்டும். புத்தகத்தின் ஒரு பக்கத்தில் இருபது கணக்கு இருந்தால் ஐந்து போதும். சரியாக வந்த கணக்கோடு நிறுத்துங்கள். இதைப் பார்த்தும் புரியவில்லை என்றால், கூச்சப்படாமல் ஒரு வருஷம் பின்னால் போய் அவனுக்கு நன்றாகத் தெரிந்த அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள். வீட்டில் படிப்பதன் வசதியே அதுதானே, பின்னால் போனதை வகுப்பில் யாரும் பார்க்கப் போவதில்லை.

இந்தக் கணக்குப் பாடத்தைக் கணவரிடம் கொடுத்துவிடுங்கள் என்பது என் யோசனை. வேலை தேடும் நேரம் போக அவர் வீட்டில்தான் இருக்கிறார். "ஏதாவது உதவி பண்ணுங்களேன்" என்று பொதுவாகச் சொன்னால் அது நடக்காது. "காலையில் ஜெபமும் பையனின் கணக்கும் உங்கள் பொறுப்பு" என்றால் நடக்கும். வேலை போன ஆணுக்கு அன்றைக்குச் செய்து முடித்தேன் என்று சொல்ல ஒரு காரியம் கிடைப்பதும் சின்ன விஷயமில்லை.

புதுப் பாடத்திட்டம் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று இந்த நேரத்தில் தோன்றும். வாங்காதீர்கள்.

நாள்கணக்கைப் பற்றிப் பயம் இருந்தால் இதைப் பாருங்கள். விற்பனைக்கு வருகிற வீட்டுக்கல்விப் பாடத்திட்டங்களில் பல, வருஷத்துக்கு 180 நாள், அதாவது 36 வாரம் என்ற கணக்கில் போட்டவை. வருஷத்துக்கு 52 வாரம். பதினாறு வாரம் சும்மா கிடக்கிறது. விடுமுறை எப்போது என்று தீர்மானிக்கிறது நீங்கள்தான் என்றால், நோயும் பிரசவமும் வேலையில்லாத மாதமும் அந்தப் பதினாறுக்குள் அடங்கும். ஆனால் நீங்கள் இருக்கிற நாட்டுச் சட்டம் கேட்கிற பதிவு, அறிவிப்பு, வருகைக் குறிப்பு இவற்றை மட்டும் எந்தக் கஷ்டத்திலும் தவறவிடாதீர்கள். அமெரிக்காவில் எல்லா மாநிலங்களும் வீட்டுக்கல்வியை அனுமதிக்கின்றன, நிபந்தனை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஜெர்மனியில் பள்ளிக்குப் போவதே கட்டாயம், மிகச் சில விதிவிலக்குகள் தவிர. ஒரு நோட்டில் தேதி போட்டு இரண்டு வரி எழுதி வைத்தால்கூட, பின்னால் யாராவது கேட்கும்போது கை கொடுக்கும்.

இனி சூசன்னா வெஸ்லி, முந்நூறு வருஷத்துக்கு முன் இங்கிலாந்தில் வாழ்ந்த ஒரு போதகரின் மனைவி. வீட்டுக்கல்வி என்றால் இவர் பெயரைச் சொல்லாத கிறிஸ்தவர் குறைவு, பெரும்பாலும் மற்ற அம்மாக்களை வெட்கப்படுத்தவே சொல்கிறார்கள். பத்தொன்பது பிள்ளை பெற்றவர், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜானையும் சார்லஸையும் வளர்த்தவர், தினம் ஆறு மணி நேரம் பாடம் நடத்தியவர் என்று. அவர் வீட்டு நிலைமையை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. அந்தப் பத்தொன்பதில் பத்துத்தான் பிழைத்தன. கணவர் 1705-ல் கடனுக்காகச் சிறைக்குப் போனார். 1709 பிப்ரவரியில் எப்வொர்த் ஊரில் அவர்கள் குடியிருந்த போதகர்மனை எரிந்து சாம்பலானது. ஐந்து வயது ஜானை மாடி ஜன்னல் வழியாகத்தான் இறக்கினார்கள். வீடு போனதும் பிள்ளைகளை ஆளுக்கொரு வீட்டில் விட வேண்டியதாயிற்று. திரும்பி வந்தபோது அவர்கள் முரட்டுப் பேச்சும் கெட்ட பழக்கமும் கற்றுக்கொண்டு வந்திருந்தார்கள் என்று அவரே பிற்பாடு ஜானுக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். அந்த வீட்டுக்கல்வியும் ஒரு தடவை உடைந்துதான் போயிருக்கிறது.

மறுபடி எழுப்ப அவர் செய்தது என்ன என்பதைக் கவனியுங்கள். பள்ளி தொடங்கும்போதும் முடியும்போதும் சங்கீதம் பாடுகிற வழக்கத்தை அப்போதுதான் கொண்டுவந்தார். மாலை ஐந்து மணிக்கு மூத்த பிள்ளை கடைக்குட்டியைக் கூட்டிக்கொண்டு போய் அன்றைய சங்கீதத்தையும் புதிய ஏற்பாட்டில் ஒரு அதிகாரத்தையும் வாசிக்க வேண்டும், இரண்டாவது பிள்ளை அடுத்த குட்டியை. அப்புறம் சில வருஷத்தில், ஒவ்வொரு ராத்திரியும் ஒரு பிள்ளையோடு தனியாகப் பேச நேரம் ஒதுக்கினார். வியாழன் ஜானுக்கு, சனி சார்லஸுக்கு. உங்களால் இன்றைக்கு முடியக்கூடியது அந்தத் தனிப்பேச்சுத்தான். ராத்திரி விளக்கணைக்கும் முன் பத்து நிமிஷம், இன்றைக்கு இவன், நாளைக்கு இவள். ஆறு மணி நேரப் பாடத்தை விட்டுவிடுங்கள், அவருக்கு வேலைக்காரர்கள் இருந்தார்கள். எழுத்துகளைக் கற்க ஒரு பிள்ளைக்கு அவர் ஒரே ஒரு நாள்தான் கொடுப்பார், ஒன்றரை நாள் எடுத்துக்கொண்ட இரண்டு மகள்களை மந்தம் என்று நினைத்தாராம். அதையும் நாம் பின்பற்ற வேண்டியதில்லை!

பிள்ளைகளிடம் வீட்டு நிலைமையை மறைக்காதீர்கள். பத்து வயதுக்காரனுக்கு ஏற்கெனவே தெரியும், நீங்கள் சொல்லவில்லை என்பதும் தெரியும். வயதுக்கேற்ற அளவில் சொல்லிவிட்டுச் சேர்ந்து ஜெபியுங்கள். "இவ்வளவு நாள் ஜெபித்தும் அப்பாவுக்கு ஏன் வேலை கிடைக்கவில்லை?" என்று ஒருநாள் கேட்பான். அவசரமாக ஒரு சமாதானம் சொல்லி மூடாதீர்கள். பதின்மூன்றாம் சங்கீதத்தைத் திறந்து "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று தாவீதும் கேட்டிருப்பதைக் காட்டுங்கள். எண்பத்தெட்டாம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். உபாகமம் 6-ல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும் வழியில் நடக்கிறபோதும் படுத்துக்கொள்ளுகிறபோதும் எழுந்திருக்கிறபோதும் பேசு என்று சொல்லியிருக்கிறதே, அதில் வேலை போன வீடும் அடக்கம். கிறிஸ்தவக் கல்வி கொடுக்க வேண்டும் என்றுதானே தொடங்கினீர்கள்? கணக்கு பின்தங்கிய இந்த மாதங்களில் அந்தக் கல்வி நிற்கவேயில்லை.

உங்களைப் பற்றி. எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து "போதும் கர்த்தாவே" என்றபோது தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், திரும்பத் தூங்கவிட்டான், மறுபடியும் சாப்பிடச் சொன்னான். கைக்குழந்தைக்காரி நீங்கள். குழந்தை தூங்கும்போது நீங்களும் தூங்குங்கள், பாத்திரம் கிடக்கட்டும். காரணமில்லாமல் அழுகை, எதிலும் பிடிப்பில்லை, குழந்தையைத் தூக்கவே பிடிக்கவில்லை, செத்துப்போனால் தேவலை என்கிற எண்ணம், இப்படி ஏதாவது இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். பிரசவத்துக்குப் பின் வருகிற மனச்சோர்வு ஒரு நோய். அதற்கு மருந்து உண்டு. விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

சபையார் "பள்ளியில் சேர்த்துவிடு" என்கிறார்களே, அதில் பாதிப் பேர் உண்மையில் உங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டுத்தான் சொல்கிறார்கள். விவாதம் பண்ணாமல் அந்தப் பரிதாபத்தை வேலையாக மாற்றுங்கள். "அக்கா, புதன்கிழமை காலை ஒரு மணி நேரம் குழந்தையை வைத்துக்கொள்கிறீர்களா?" என்று கேளுங்கள். நாள், நேரம், வேலை மூன்றும் சொல்லிக் கேட்டால் மறுக்கிறவர்கள் குறைவு. மோசே ஒருத்தராய் எல்லா வழக்கையும் தீர்க்கப் பார்த்தபோது அவன் மாமனார் எத்திரோ, இப்படியே போனால் நீரும் தொய்ந்துபோவீர் ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்று நேரடியாகச் சொன்னார். மோசேயும் கேட்டுக்கொண்டான்.

கடைசியாகப் பொருத்தனை. உங்களை அதிகம் பயமுறுத்துவது இதுதான் என்று நினைக்கிறேன். வேதத்தில் பிள்ளைக்காகப் பொருத்தனை பண்ணின தாய் அன்னாள். அவள் தன் பொருத்தனையை நிறைவேற்றியது எப்படி? பால் மறந்த பிள்ளையைச் சீலோவில் ஏலியிடம் கொண்டுபோய் விட்டு. சாமுவேல் வளர்ந்தது அம்மாவின் வீட்டில் இல்லை. மோசே எகிப்தியருடைய சாஸ்திரங்களில் கற்பிக்கப்பட்டவன், தானியேல் பாபிலோனில் படித்தவன். வீட்டுக்கல்வியை நான் மனதார ஆதரிக்கிறவள்தான், ஆனால் பள்ளிக்கு அனுப்புவது பாவம் என்று சொல்ல வேதத்தில் இடமில்லை. நீங்கள் பண்ணின பொருத்தனையின் வார்த்தைகளை உங்கள் போதகரிடம் அப்படியே சொல்லி ஆலோசனை கேளுங்கள். பிள்ளைகளைக் கர்த்தருக்குள் வளர்ப்போம் என்பதுதான் அதன் உள்ளடக்கம் என்றால், ஒரு வருஷப் பள்ளி அதை முறித்துவிடாது.

குறித்த தேதி வரும்போது எதைப் பார்த்து முடிவெடுப்பது? குறைத்த பாடம்கூட ஆறு வாரமும் நடக்கவேயில்லையா, உங்கள் உடம்போ மனமோ தாங்காது என்று மருத்துவர் சொல்கிறாரா, கணவருக்கும் உங்களுக்கும் இதில் மனமொத்துப் போகவில்லையா, கோபத்தில் பிள்ளைகள் மேல் கை போகிறதா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் தேதிக்காகக் காத்திருக்கவும் வேண்டாம், அன்றைக்கே உதவி தேடுங்கள். மற்றவற்றில் இரண்டுக்கு ஆம் என்றாலே, கொஞ்ச காலத்துக்காவது பள்ளியை யோசிப்பது நியாயம். எதற்கும் ஆம் இல்லை, பாடம் மெலிந்திருக்கிறது, அவ்வளவுதான் என்றால் இன்னொரு ஆறு வாரம் இதே நடையில் போங்கள். நிலைமை தேறியதும் விட்ட பாடங்களை ஒரே திங்கட்கிழமையில் திரும்பக் கொண்டுவராதீர்கள். முதலில் எழுத்து வேலையைக் கொஞ்சம் கூட்டுங்கள். அது இரண்டு வாரம் நிலைத்தபின் வரலாறு, அதுவும் நின்றபின் அறிவியல். பையனின் வாய்ப்பாட்டு அட்டையை அவனே வேண்டாம் என்று தள்ளுகிறவரை எடுக்காதீர்கள்.